முதல் ஊசிக்கு முன்னால்: பெண்களின் புற்றுநோய்க்கான மருத்துவ ஆய்வில் சேர்வது எப்படி

பயாப்சி ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு கடலூரிலிருந்தோ பண்ருட்டியிலிருந்தோ புதுச்சேரி கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனையில் வந்து இறங்கும் குடும்பம் டாக்டரிடம் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விதான்: "எப்போ ஆபரேஷன்?", "எவ்வளவு செலவாகும்?" மூன்றாவதாக ஒன்றையும் கேட்டாக வேண்டும். "இந்த நோய்க்கு இங்கே ஏதாவது ட்ரையல் நடக்குதா? அம்மாவை அதில் சேர்க்க முடியுமா?"

இதை முதல் கீமோ ஏறுவதற்கு முன்னால், முதல் நாள் கரண்ட் (கதிர்வீச்சு) வைப்பதற்கு முன்னால், கத்தி படுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். கர்ப்பப்பை வாய், சினைப்பை, கர்ப்பப்பை உட்சுவர், மார்பகம் என எந்தப் புற்றுநோயானாலும், புதிதாக நோய் கண்டவர்களுக்கான ஆய்வுகளில் "இந்த நோய்க்கு இதற்கு முன் சிகிச்சை எடுத்திருக்கக் கூடாது" என்ற விதி அநேகமாக இருக்கும். ஒரே ஒரு சுற்று கீமோ போட்டுவிட்டு வந்து கேட்டாலும் கதவு மூடியிருக்கும். நோய் திரும்பி வந்தவர்களுக்குத் தனி ஆய்வுகள் உண்டு. அங்கே கணக்கு வேறு: இதுவரை எத்தனை வகை மருந்து போட்டாயிற்று, கடைசி ஊசிக்கும் நோய் திரும்பியதற்கும் நடுவே எத்தனை மாதம் என்று பார்ப்பார்கள். சினைப்பைப் புற்றுநோயில் கார்போபிளாட்டின் போன்ற பிளாட்டினம் வகைக் கீமோ மருந்து முடிந்து 6 மாதத்துக்குள் திரும்பியதா, அதற்குப் பிறகா என்பது பெரிய எல்லைக்கோடு.

வாய்ப்பை அதிகம் கெடுப்பது வேறொன்று. "உதிரப்போக்கு நிற்கவே இல்லை, வயசும் ஆயிடுச்சு, கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்று பக்கத்து நர்சிங் ஹோமில் செய்துகொள்ளும் அறுவை சிகிச்சை. எடுத்த பிறகு லேபிலிருந்து ரிப்போர்ட் வரும்: கர்ப்பப்பை வாயில் புற்றுநோய். சாதாரணமாகக் கர்ப்பப்பையை எடுக்கும் அறுவை வேறு, பரவக்கூடிய கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குச் செய்யும் அறுவை வேறு. முதலாவதைச் செய்துவிட்டால் நோயின் நிலையையே சரியாகச் சொல்ல முடியாமல் போகும். ஆய்வில் சேர முடியாது என்பதை விடுங்கள், வழக்கமான சிகிச்சையே சிக்கலாகும். அதனால் உதிரப்போக்குக்காக யார் கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னாலும், கர்ப்பப்பை வாயை விளக்கு வைத்து நேரில் பார்த்தாகிவிட்டதா, அங்கிருந்து செல்களைச் சுரண்டிப் பார்க்கும் பாப் ஸ்மியர் எடுத்தாயிற்றா, மாதவிலக்கு நின்றவருக்கு உட்சுவர்ச் சதையை எடுத்துப் பரிசோதித்தாயிற்றா என்று கேளுங்கள். சினைப்பைக் கட்டியிலும் இப்படித்தான். ஸ்கேனில் சந்தேகமாகத் தெரியும், சினைப்பைக்குள்ளேயே அடங்கியிருக்கும் கட்டியை ஊசி போட்டு உறிஞ்சவோ, வயிற்றுக்குள் உடைத்து எடுக்கவோ கூடாது. முழுதாக எடுத்திருந்தால் முதல் நிலையின் தொடக்கத்திலேயே நின்றிருக்கும் நோய், உடைந்ததால் மட்டுமே ஒரு படி மேலே எழுதப்படும்.

"சோதனை எலியாக்கிடுவாங்களா?"

எல்லோர் மனதிலும் இருக்கும் பயம் இது. கேட்பதில் தப்பில்லை. முதல் கட்ட ஆய்வில் புது மருந்தின் அளவையும் பக்கவிளைவையும் பார்ப்பார்கள். இரண்டாம் கட்டத்தில் நோய் சுருங்குகிறதா என்று பார்ப்பார்கள். இங்கே பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்கக்கூடியது மூன்றாம் கட்டம்: இப்போதைய நல்ல சிகிச்சை ஒரு பக்கம், அதோடு ஒன்றைக் கூட்டியோ மாற்றியோ கொடுப்பது இன்னொரு பக்கம். யார் எந்தப் பக்கம் என்பதைக் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோல முடிவு செய்யும். டாக்டருக்குத் தெரிந்தவர், எம்எல்ஏ சிபாரிசு எதுவும் அங்கே எடுபடாது. வெற்று மாத்திரை என்று பயப்படுகிறார்களே, புற்றுநோய் ஆய்வுகளில் அதை வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாகக் கொடுப்பது அரிது. வழக்கமானதைக் கொடுத்து, அதன் மேல்தான் புது மருந்தோ வெற்று மருந்தோ சேரும். ஆனாலும் "குலுக்கலில் எந்தப் பக்கம் விழுந்தாலும் வழக்கமான சிகிச்சை முழுதாகக் கிடைக்குமா?" என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

புதுப் பக்கம் விழுந்தால் அதிர்ஷ்டம் என்று நினைப்பதும் சரியில்லை. மும்பை டாடா மெமோரியல் மருத்துவமனையில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட 635 பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2018-ல் வெளியானது. முதலில் கீமோ, பிறகு அறுவை என்பது ஒரு பக்கம். வழக்கமான கரண்ட்டும் கீமோவும் சேர்ந்தது மறுபக்கம். 5 ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் அறுவைப் பக்கத்தில் 69.3 சதவீதம், வழக்கமான பக்கத்தில் 76.7 சதவீதம். "கட்டியை வெட்டி எறிஞ்சாத்தான் நிம்மதி" என்று நினைக்கும் வீடுகளுக்கு இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும். தொடக்க நிலைக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அதே ஆண்டில் வந்த பன்னாட்டு ஆய்வொன்றில் சிறு துளை வழி அறுவை, வயிற்றைத் திறந்து செய்யும் அறுவையிடம் தோற்றது: நான்கரை ஆண்டில் நோயின்றி இருந்தவர்கள் 86 சதவீதம், எதிரில் 96.5.

புதியது ஜெயித்ததும் உண்டு. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கண்ட 500 பெண்களிடம் நடந்த இன்டர்லேஸ் ஆய்வில், கரண்ட் தொடங்குவதற்கு முன் 6 வாரம் வாராவாரம் கார்போபிளாட்டின், பாக்ளிடாக்சல் என்ற கீமோ மருந்துகளைக் கொடுத்ததில் 5 ஆண்டு உயிரோடிருந்தவர்கள் 72-லிருந்து 80 சதவீதமானார்கள். இரண்டுமே பழைய மருந்துகள். மார்பகப் புற்றுநோயில் டாடா மெமோரியல் முன்னின்று இந்திய மருத்துவமனைகள் செய்த இன்னொரு ஆய்வு 2023-ல் வந்தது. அறுவைக்குச் சற்று முன் கட்டியைச் சுற்றி லிடோகெய்ன் போட்டார்கள். பல் பிடுங்கும்போது போடும் அதே மரத்துப்போகும் ஊசி. 5 ஆண்டு உயிர் பிழைப்பு 86.4-லிருந்து 90.1 ஆனது. ஆய்வு என்றால் வெளிநாட்டுக் கம்பெனியின் விலையுயர்ந்த மருந்து என்று மட்டும் நினைக்க வேண்டாம். நம் திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையை மையமாக வைத்து, கிராமத்துப் பெண்களின் கர்ப்பப்பை வாயில் வினிகர் கரைசல் தடவிப் பார்த்தது ஒரு பெரிய ஆய்வுதான். அப்படிப் பரிசோதித்த ஊர்களில் இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்ததாக 2007-ல் முடிவு வந்தது.

ஃபைல்

வேறு இடத்தில் தொடங்கி இங்கே வருபவர்கள் தடுமாறுவது ஃபைலில்தான். ரிப்போர்ட் மட்டும் போதாது. பயாப்சி செய்த லேபில் மெழுகில் பதித்த சதைத் துண்டு இருக்கும், அதை பிளாக் என்பார்கள். அதையும் கண்ணாடி ஸ்லைடுகளையும் எழுதிக்கொடுத்துக் கேட்டு வாங்குங்கள். பெரிய மருத்துவமனையில் ஸ்லைடை மறுபடி பார்த்த பிறகே ஆய்வுக்கு எடுப்பார்கள். மரபணுச் சோதனை கேட்கும் ஆய்வானால் பிளாக்கிலிருந்து புதிதாகச் சீவி எடுக்க வேண்டும். பிளாக் மேல் உள்ள எண்ணும் ரிப்போர்ட்டில் உள்ள எண்ணும் ஒன்றா என்று கவுன்ட்டரிலேயே பார்த்துவிடுங்கள். ஸ்லைடுகளைக் காகிதத்தில் சுற்றினால் பஸ் குலுக்கலில் உடையும். லேபில் பிளாஸ்டிக் ஸ்லைடு டப்பா கேளுங்கள். கத்திரி வெயிலில் நிறுத்திய காருக்குள் பிளாக்கை வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகும்.

எம்ஆர்ஐ, சிடி ஸ்கேன் என்றால் ஃபிலிமோடு, படங்களைப் பதிந்து தரும் கம்ப்யூட்டர் சிடி தட்டும் வேண்டும். ஆய்வுக்கு ஸ்கேனைத் தாங்களே அளந்து பார்ப்பார்கள். சேரும் நாளுக்கு முந்தைய 28 நாளுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் என்பது பல ஆய்வுகளின் விதி. அதனால் ஆய்வைப் பற்றி விசாரிக்காமல் அவசரப்பட்டுத் தனியாரில் காசு கொடுத்து ஸ்கேன் எடுத்தால் அதையே இரண்டாம் முறை எடுக்க நேரலாம்.

பெயர் விஷயம் சின்னதாகத் தெரியும், ஆனால் படுத்தும். ஆதாரில் கணவர் பெயர், பயாப்சியில் அப்பா இனிஷியல், காப்பீட்டு அட்டையில் வீட்டில் கூப்பிடும் பெயர். மூன்றும் ஒரே ஆள்தான் என்று லேபுக்கு எப்படித் தெரியும்? முதல் நாளே ஆதாரில் உள்ளபடி எல்லாச் சீட்டும் போடச் சொல்லுங்கள்.

எங்கே தேடுவது

முதலில் கேட்க வேண்டியது பார்க்கும் டாக்டரிடம். ஜிப்மரில் மண்டலப் புற்றுநோய் மையம் இருக்கிறது. கீமோ, கரண்ட், அறுவை என மூன்று துறைகளும் தனித்தனி. ஒரு துறையில் நடக்கும் ஆய்வு அடுத்த துறை ஓபியில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாமலிருக்கலாம், மூன்றிலும் கேளுங்கள். அடுத்து சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட், வேலூர் சிஎம்சி.

நீங்களே தேடவும் வழி உண்டு. இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளைப் பதியும் அரசுப் பதிவேடு சிடிஆர்ஐ (CTRI). 2007-ல் தொடங்கியது. 2018 ஏப்ரல் முதல், முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்தாக வேண்டும். கூகுளில் அந்த நான்கு ஆங்கில எழுத்தைப் போட்டாலே தளம் வரும். அதில் விரிவான தேடல் பக்கத்துக்குப் போய் நோயின் பெயரை ஆங்கிலத்தில் அடியுங்கள். ஒரே நோயைச் செர்விக்ஸ், செர்விகல், கார்சினோமா செர்விக்ஸ் என்று ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள். எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். ஊரையும் பாண்டிச்சேரி, புதுச்சேரி என்று இரண்டு விதமாகத் தேடுங்கள். கிடைத்த பதிவில் பார்க்க வேண்டியவை: ஆள் சேர்ப்பு இந்தியாவில் திறந்திருக்கிறதா, முடிந்துவிட்டதா, எந்தெந்த மருத்துவமனை, சேர்க்கும் விதி, விலக்கும் விதி, பொதுமக்கள் விசாரிக்க வேண்டியவரின் தொடர்பு. பதிவேட்டில் திறந்திருப்பதாக இருந்தும் உண்மையில் இடம் நிரம்பியிருப்பதுண்டு. போன் செய்யாமல் வேலூருக்கு வண்டி ஏறாதீர்கள். பதிவு எண் சிடிஆர்ஐ என்று தொடங்கி ஆண்டு, மாதம், வரிசை எண் என்று சாய்கோடுகளுடன் போகும். அந்த எண்ணைச் சொல்ல முடியாமல், ஆய்வு என்ற பெயரில் லட்சக்கணக்கில் கட்டச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

வாசலிலேயே திருப்பி அனுப்பும் காரணங்கள்

ரத்தசோகை. மாதக்கணக்கில் உதிரம் போனவருக்கு ஹீமோகுளோபின் 6, 7 என்று இருக்கும். ஆய்வுகள் 9 அல்லது 10 கேட்கும். கரண்ட் நன்றாக வேலை செய்யவும் 10 வரை ஏற்றவே டாக்டர்கள் பார்ப்பார்கள். ஒரு யூனிட் ரத்தம் ஏறக்குறைய 1 கிராம் ஏற்றும், ஆகவே ரத்தம் கொடுக்க ஆட்களைத் தயாராக வைத்திருங்கள். அடுத்தது சிறுநீரகம். கர்ப்பப்பை வாய்க் கட்டி பெருத்தால் பக்கத்தில் போகும் சிறுநீர்க் குழாயை நெரிக்கும். சிறுநீரகம் வீங்கி, ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறும். அப்புறம் கரண்ட்டோடு சேர்த்துக் கொடுக்கும் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைப் போட முடியாது. சிறுநீர்க் குழாய்க்குள் ஸ்டென்ட் என்ற சின்னக் குழலை வைத்தோ, முதுகு வழியாகக் குழாய் போட்டு வடித்தோ இறக்க முடியும். அதனால் கிரியாட்டினின் அதிகம் என்று திருப்பினால் அதோடு விடாமல், "ஸ்டென்ட் வெச்சா குறையுமா? அப்புறம் சேரலாமா?" என்று கேளுங்கள்.

நடமாட்டத்துக்கு 0 முதல் 4 வரை ஒரு மதிப்பெண் உண்டு. தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு, பகலில் பாதிக்கு மேல் எழுந்து நடமாடுபவர் 2 வரை வருவார். பல ஆய்வுகள் 0, 1 மட்டுமே எடுக்கும். "பாவம், நோயாளி" என்று நாள் முழுக்கப் படுக்க வைத்துப் பழக்காதீர்கள்.

சித்த மருந்து, கஷாயம், யூடியூப் பார்த்து வாங்கிய பொடி: எதை எடுத்தாலும் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களே என்று மறைத்தால், நாளை கல்லீரல் கணக்கு ஏறும்போது ஆய்வு மருந்தா பொடியா என்று யாருக்கும் தெரியாது. நல்ல மருந்தைப் போய் நிறுத்துவார்கள். சினைப்பை, மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் ஒலாபரிப் போன்ற மாத்திரைகளோடு கிரேப்ஃப்ரூட் கூடாது. அதன் உறவுதான் நம் பம்பளிமாஸ், அதையும் தவிர்ப்பது நல்லது. மாதவிலக்கு நிற்காதவர்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள், கருத்தடை பற்றியும் கேட்பார்கள். விதவையிடம் இதைக் கேட்டுவிட்டார்கள் என்று சண்டைக்குப் போக வேண்டாம், படிவத்தில் எல்லோரையும் கேட்க வேண்டிய கேள்வி அது.

இந்தச் சோதனைகளுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். எல்லோராலும் அவ்வளவு காத்திருக்க முடியாது. உதிரம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு ஆய்வைவிட உடனே சிகிச்சை முக்கியம். "எத்தனை நாள் பொறுக்கலாம்?" என்று டாக்டரிடம் தேதியாகவே கேட்டு வாங்குங்கள். அந்தத் தேதிக்குள் இடம் கிடைக்கவில்லையென்றால் வழக்கமான சிகிச்சையைத் தொடங்கிவிடுங்கள்.

கையெழுத்து

"அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் டாக்டர், கட்டின்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம்." பாசத்தில் சொல்வதுதான். ஆனால் நோயின் பெயரே தெரியாதவர் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட முடியாது. மகனோ கணவரோ அவருக்காகப் போடவும் முடியாது. சுயநினைவோடிருக்கும் பெண்ணின் ஒப்புதல் அவருடையது மட்டுமே. ஆய்வு வேண்டுமென்றால் முதலில் அவரிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். எப்படிச் சொல்வது என்று தடுமாறினால் டாக்டரையோ கவுன்சிலரையோ சொல்லச் சொல்லி நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். பெரும்பாலும் அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். கரண்ட் வைக்கும் வரிசையில் உட்கார்ந்திருக்கும் மற்ற பெண்கள் பேசிக்கொள்ள மாட்டார்களா என்ன.

தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேளுங்கள். அன்றே போட வேண்டும் என்று யாரும் நெருக்கக் கூடாது. படிக்கத் தெரியாதவர் என்றால், ஆய்வுக் குழுவில் இல்லாத சாட்சி ஒருவர் முழு விளக்கத்தையும் கூட இருந்து கேட்டு அவரும் கையெழுத்திட வேண்டும், கைநாட்டு மட்டும் போதாது. சில புது மருந்து ஆய்வுகளில் இதை வீடியோ எடுப்பார்கள். அது சட்டம் கேட்பதுதான், பயப்பட வேண்டாம். ஒரு பிரதி உங்களுக்குச் சேர வேண்டும். அதில், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் மருத்துவமனை நெறிமுறைக் குழுவின் தொடர்பு எண் இருக்கும். குறைந்தது 7 பேர் கொண்ட அந்தக் குழுவின் தலைவர் அந்த மருத்துவமனையைச் சேராதவராக இருக்க வேண்டும் என்பது விதி. ஆய்வு டாக்டர் மேலேயே குறை என்றால் கூப்பிட வேண்டியது அங்கேதான்.

பணத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் கேளுங்கள். கம்பெனி நடத்தும் ஆய்வில் ஆய்வு மருந்தும் ஆய்வுக்கென்றே எடுக்கும் சோதனைகளும் இலவசமாக இருக்க வேண்டும். டாக்டர்களே நடத்தும் ஆய்வுகளில் வழக்கமான சிகிச்சைப் பகுதி உங்கள் காப்பீட்டிலோ கையிலோ போகலாம். கடலூர்க்காரர்கள் கையில் இருப்பது தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை, புதுச்சேரியோ தனி யூனியன் பிரதேசம். அந்த மருத்துவமனையில் எந்த அட்டை செல்லும் என்று காப்பீட்டுக் கவுன்ட்டரில் முதலில் கேட்டுவிடுங்கள். போக்குவரத்துப் படி உண்டா என்றும் கேளுங்கள். ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, கூடப் போகும் ஒருவருக்கு முக்கால் பங்கு சலுகை. மருத்துவமனையில் அதற்கான படிவத்தில் சான்று வாங்க வேண்டும்.

ஆய்வால் உடலுக்குக் கெடுதி வந்தால், 2019-ன் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகளின்படி சிகிச்சை இலவசம். ஆய்வு காரணமாகச் சாவு நேர்ந்தால் 8 லட்சம் ரூபாயை அடிப்படையாக வைத்து, வயதையும் நோயின் தீவிரத்தையும் பெருக்கி இழப்பீடு கணக்கிடுவார்கள். நோய் தானாக முற்றியதற்கு இது பொருந்தாது. அதனால் ஒவ்வொரு பக்கவிளைவையும் தேதியோடு நோட்டில் எழுதிவைப்பது உங்களுக்குத்தான் பாதுகாப்பு.

சேர்ந்த பிறகு

கர்ப்பப்பை வாய்க்குக் கரண்ட் என்றால் வழக்கமாக 25 நாள், வாரத்துக்கு ஐந்து, அதன் பின் உள்ளே கருவி வைத்துக் கொடுக்கும் உள்கதிர்வீச்சு. எல்லாம் சேர்த்து 8 வாரத்துக்குள் முடிய வேண்டும். இழுத்தால் பலன் குறையும். கடலூரிலிருந்து தினமும் வந்து போகலாம்தான். ஆனால் மூன்றாவது வாரம் வயிற்றுப்போக்கு தொடங்கும்போது 22 கிலோமீட்டர் பஸ்ஸில் உட்காருவது கொடுமை; அந்த இரண்டு மூன்று வாரத்துக்காவது புதுச்சேரியில் தங்க இடம் பாருங்கள். காது குத்து, கல்யாணம், தீமிதி எல்லாவற்றையும் நாட்காட்டியில் பார்த்து முன்பே ஆய்வு ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லுங்கள். வர வேண்டிய நாளை இரண்டு மூன்று நாள் தள்ளிக்கொள்ள இடமிருக்கும், இரண்டு வாரம் தள்ள முடியாது. ஐப்பசி, கார்த்திகையில் சேருகிறவர்களுக்கு இன்னொன்று: தானே, ஃபெஞ்சல் மாதிரிப் புயல் வந்தால் சாலை அறுந்துவிடும். வானிலை அறிவிப்பு வந்ததுமே கூப்பிட்டு, மாத்திரை இருப்பு எத்தனை நாளுக்கு வரும் என்று சொல்லுங்கள். காலி அட்டைகளைத் தூக்கி எறியாதீர்கள், எண்ணிப் பார்ப்பார்கள். மறந்துபோன வேளைக்கு மறுநாள் இரட்டிப்பாகப் போட்டுக்கொள்ளவே கூடாது. மறந்ததை மறந்தேன் என்று எழுதினால் போதும்.

பிடிக்கவில்லையென்றால் எந்த நாளும் விலகலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை, வழக்கமான சிகிச்சையை நிறுத்த மாட்டார்கள். போனை எடுக்காமல் இருந்துவிடாதீர்கள். மருந்தை நிறுத்தினாலும் டாக்டரிடம் காட்டிக்கொள்ள மட்டும் வர ஒத்துக்கொள்ளலாம், தாமதமாக வரும் பக்கவிளைவு அப்போதுதான் தெரியும்.

ஆய்வு அட்டை ஒன்று கொடுப்பார்கள். பீரோவில் பூட்டாமல் அம்மாவின் சுருக்குப் பையிலேயே வையுங்கள், படம் பிடித்து உங்கள் போனிலும் வையுங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வேண்டும். கீமோ ஓடும் நாட்களில் 100.4 டிகிரியைத் தொட்டால் இரவானாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, பாராசிட்டமால் கொடுத்து மூடி மறைக்கவும் கூடாது. வெள்ளை அணுக்கள் இறங்கிய நேரத்தில் வரும் காய்ச்சல் சில மணி நேரத்தில் ஆளைச் சாய்த்துவிடும். கோரிமேடு தூரமென்றால் மஞ்சக்குப்பம் அரசு மருத்துவமனைக்கோ, சிதம்பரத்துக்கோ, எது பக்கமோ அங்கே போய், "கீமோ ஓடுது, ட்ரையல்ல இருக்காங்க" என்று அட்டையைக் காட்டி, அதிலுள்ள எண்ணுக்கு அங்கிருந்தே போன் போடச் சொல்லுங்கள்.